தடைக்காலத்தில் பறந்த செம்பருந்து

மதிப்பிற்குரிய ஐயா, அம்மையீர்,

காயம் ஆறிய காட்டுயிர்களை மீண்டும் இயற்கையில் விடுவிப்பதற்கான விதிகளைத் தாங்கள் மறுஆய்வு செய்து வருவதாகவும், களத்தில் பணிபுரிந்தவர்களின் கருத்தையும் கேட்க விரும்புவதாகவும் அறிந்தேன். காரைக்காலில் உள்ள எங்கள் காட்டுயிர் மீட்பு நிலையத்தில் இப்போது பணியாற்றும் இளம் மருத்துவர்கள் தருமபுரத்தில் உள்ள என் இல்லத்துக்கு வந்து, வரைவு விதிகளை வாசித்துக் காட்டினார்கள். "மனசுல பட்டத அப்படியே எழுதுங்கய்யா, நாங்க அனுப்பி வைக்கிறோம்" என்றார்கள். நான் அந்த நிலையத்தில் விலங்குப் பராமரிப்பாளனாக இருந்து ஓய்வு பெற்றவன். பள்ளிப்படிப்பு பாதியில் நின்றுவிட்டது. எழுத்துத் தமிழை நூலகத்தில் அமர்ந்து நானே கற்றுக்கொண்டேன். நடையில் குறை காணப்படின் பொறுத்தருளுமாறு வேண்டுகிறேன்.

வரைவில் மூன்று விதிகள் என் கருத்தில் தங்கின. ஓர் உயிரைக் கண்டெடுத்த இடத்திலேயே விட வேண்டும் என்பது ஒன்று. குணமானதும் காலந்தாழ்த்தாமல் விட வேண்டும் என்பது மற்றொன்று. உயிருள்ள இரையைத் தானே பிடித்துண்ணும் என்று மெய்ப்பித்த பிறகே விட வேண்டும் என்பது மூன்றாவது. மூன்றும் நல்ல நோக்கத்தோடு எழுதப்பட்டவை என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆயினும் முதல் விதியை ஒரு நரியும், மற்ற இரண்டையும் ஒரே கோடையில் ஒரே பறவையும் எங்கள் முன்னே முடிச்சுப் போட்டு வைத்தன. அவற்றை விவரிப்பதே என் கருத்தைச் சொல்வதற்கு நேர்மையான வழி என்று எண்ணுகிறேன்.

என் பயிற்சிக் காலத்தைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. முதல் சில ஆண்டுகள் கூண்டு கழுவுவதிலும் கடிபடுவதிலும் கழிந்தன. கடித்த உயிர்களில் கீரி மட்டுமே மனமாரக் கடித்தது. ஏனையவை அச்சத்தினால் கடித்தன. இந்த வேறுபாடு விளங்கிய பின்னரே என்னை மருத்துவருக்கு உதவியாக நிற்க அனுமதித்தார்கள்.

அந்த மருத்துவரின் பெயர் ஜைனப். காரைக்காலின் பழைய வணிகக் குடும்பம் ஒன்றில் பிறந்தவர். உறவினர்களில் பாதிப்பேர் வளைகுடா நாடுகளில் இருக்க, அவர் மட்டும் நாரைக்கும் ஆமைக்கும் கட்டுப்போட்டுக்கொண்டு எங்களோடு இருந்தார். குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. யாரேனும் அவசரப்பட்டு ஒரு முடிவைச் சொன்னால், மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துப்பட்டாவின் ஓரத்தால் துடைப்பார். அவர் கண்ணாடியைத் துடைத்தால் எங்களுக்கு வேலை கூடப்போகிறது என்று பொருள்.

அவருடைய ஒழுங்குமுறைகள் கண்டிப்பானவை. எந்த உயிருக்கும் பெயர் வைக்கக் கூடாது. "பேரு வச்சா வீட்டாளு ஆயிடும்ண்ணே. அப்புறம் அனுப்ப மனசு வராது" என்பார். பறவைக் கூண்டுக்கு அருகில் பேசக் கூடாது. கூண்டைச் சுற்றிலும் சாக்குத் திரை. சுவரில் சாய்வாகப் பதித்த ஒரு குழாய் வழியாகத்தான் மீன் உள்ளே விழும். போடுகிற கை பறவையின் கண்ணில் படக் கூடாது. பறவை அமரும் கழிகளில் தேங்காய்நார்க் கயிற்றைச் சுற்ற வேண்டும். அதுவும் ஓரிடத்தில் தடிப்பாகவும் ஓரிடத்தில் மெல்லியதாகவும் சுற்ற வேண்டும். ஒரே பருமனுள்ள கழியில் நெடுநாள் நின்றால் பாதம் புண்ணாகிவிடும். வால் சிறகு கூண்டுக் கம்பியில் உரசி ஒடியாதிருக்க, பழைய எக்ஸ்ரே படலத்தை வெட்டி மடித்து வாலுக்கு உறை செய்வோம். யாருடைய முழங்கால் எலும்போ ஒரு பருந்தின் வாலில் தெரிந்தபடி இருக்கும்.

கண்டெடுத்த இடம் என்ற விதியைக் குறித்து ஒரு சிறு நிகழ்ச்சியை முதலில் சொல்லிவிடுகிறேன். நெரவிப் பக்கத்து வயலில் கால் காயத்தோடு கிடைத்த நரி ஒன்றைக் குணப்படுத்தி, காதில் அடையாள வில்லை பொருத்தி, விதிப்படி அதே வயலோரத்தில் விட்டோம். நரி வாய்க்காலைத் தாண்டியது. வாய்க்காலுக்கு அப்பால் பக்கத்து மாநிலம். சில நாட்களில் அங்கே ஒரு கோழிக்கூண்டில் அகப்பட்டுக்கொண்டது. வில்லையைப் பார்த்த அந்த மாநிலத்து வனக்காவலர், தம் ஜீப்பிலேயே அதனை ஏற்றிக்கொண்டு வந்து எங்கள் வாசலில் நிறுத்தினார்.

"உங்க ஊரு ஆளு ஒருத்தரு எங்க ஊருக்கு விருந்துக்கு வந்துட்டாரு. அழைச்சுக்குங்க" என்றார்.

"அவருக்கு ரேஷன் கார்டு எந்தப் பக்கம்னு நாங்க விசாரிக்கலீங்க" என்றார் மருத்துவர்.

இருவரும் சிரித்தார்கள். பிறகு மருத்துவர் கண்ணாடியைத் துடைத்தார். இரு மாநிலத்தாரும் சேர்ந்து வாய்க்கால் கரை நெடுக நடந்து, கோழி வளர்க்கும் வீடுகளுக்கு எட்டாத ஒரு மூங்கில் புதரைத் தேர்ந்து, அங்கே நரியை விட்டோம். மறுபடியும் அது விருந்துக்குப் போனதாகச் செய்தி வரவில்லை.

இனி அந்தப் பருந்து.

கிளிஞ்சல்மேட்டைச் சேர்ந்த முருகையன் என்பவர் சொந்தமாக விசைப்படகு ஓட்டுபவர். ஒருநாள் கரையில் அவருடைய புதிய வலையை இயந்திரத்தால் இழுத்துக்கொண்டிருந்தபோது, வலைக்கண்ணில் சிக்கியிருந்த மீனைக் கொத்த ஒரு செம்பருந்து பாய்ந்தது. மீனோடு இறக்கையும் சிக்கிக்கொண்டது. இயந்திரத்தை நிறுத்துவதற்குள் இறக்கை எலும்பு முறிந்துவிட்டது. முருகையன் சற்றும் தயங்காமல் தம் வலையை அறுத்துப் பறவையை விடுவித்தார். தலைத்துண்டில் சுற்றி, தமக்கை அஞ்சலையின் மடியில் வைத்து, இருசக்கர வண்டியில் எங்களிடம் கொண்டுவந்தார். அஞ்சலை காரைக்கால் சந்தையில் மீன் விற்பவர். அவருடைய நாக்குக்கு அஞ்சாதவர் சந்தையில் எவரும் இல்லை.

செம்பருந்தை எங்கள் மக்கள் கருடன் என்றே சொல்வர். வானத்தில் கண்டால் கன்னத்தில் போட்டுக்கொள்வர். ஆகவே முருகையன் பெரும்பாவம் செய்துவிட்டதாக அஞ்சினார்.

"இது எந்திரிச்சுப் பறக்குற வரைக்கும் அந்த வலை தண்ணியில எறங்காதுங்க டாக்டரம்மா" என்றார்.

"நல்லாருக்கு. வலை எறங்கலைன்னா அடுப்பும் எரியாதுடா" என்றார் அஞ்சலை.

"எரியாட்டிப் போவுது."

"இவன் சொல்லிட்டான். பிள்ளைங்ககிட்ட யாரு சொல்றது?"

முருகையன் சொன்னபடியே நடந்துகொண்டார். வேறு வலையும் அவரிடம் இல்லை. படகு துறையிலே நின்றது. அவரை நம்பியிருந்த தொழிலாளர்கள் வேறு படகுகளில் ஏறிக்கொண்டார்கள். ஆண்டுதோறும் கோடையில் வரும் மீன்பிடித் தடைக்காலம் நெருங்கிக்கொண்டிருந்தது. தடை நீங்கிக் கடலுக்குப் போகும் முதல் நாளில்தான் எங்கள் கரையில் ஆண்டின் பெரிய மீன்பாடு. "அதுவரைக்கும் காத்திருக்கோம். அன்னைக்கும் நீ வரலைன்னா வேற படகுலயே இருந்துடுவோம்" என்று தொழிலாளர்கள் சொல்லிவிட்டார்கள். ஆட்கள் போய்விட்டால் ஒரு விசைப்படகு வெறும் மரக்கட்டை. எனவே அந்தப் பறவை பறப்பதும் பறக்காததும் ஒரு குடும்பத்தின் பிழைப்பாகிவிட்டது. அஞ்சலை சந்தைக்குப் போகும்போதும் திரும்பும்போதும் எங்கள் வாசலில் கூடையை இறக்கிவைத்து, "என்னண்ணே, பெரியவரு எந்திரிச்சாரா?" என்று கேட்காமல் போகமாட்டார்.

எலும்பு நன்றாகவே கூடியது. கட்டை அவிழ்த்து, சிறு கூண்டிலிருந்து நீண்ட பறப்புக் கூண்டுக்கு மாற்றினோம். முதலில் தத்தியது, பிறகு கழிக்குக் கழி தாவியது, பின்னர் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை இறக்கையைச் சீராக வீசிப் பறந்தது. விடுவிக்கலாம் என்ற நிலையில், உயிருள்ள இரையைப் பிடிக்கும் சோதனை வந்தது.

தலைமை அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி சோதனையைக் காண வந்திருந்தார். நல்ல மனிதர், விதியை மதிப்பவர். அகன்ற தொட்டியில் நீர் நிரப்பி, உயிருள்ள கெண்டைக் குஞ்சுகளை விட்டோம். திரையின் துளை வழியே மூவரும் பார்த்துக்கொண்டிருந்தோம். பருந்து இறங்கி வந்து தொட்டியின் விளிம்பில் அமர்ந்தது. மீன்களை இப்படியும் அப்படியுமாகத் தலையைச் சாய்த்துப் பார்த்தது. பிறகு தொட்டிக்குள் இறங்கி, இறக்கையை உதறி உதறி, வெகு நேரம் நிதானமாகக் குளித்தது. மீன்கள் அதன் காலடியில் நீந்தின.

"வேட்டைக்கு வந்த மாதிரி தெரியலையே. தீபாவளிக்கு வந்த மாப்பிள்ளை மாதிரில்ல குளிக்குது" என்று அதிகாரி மெதுவாகச் சொன்னார்.

மறுமுறையும் குளியல்தான். அதற்கு அடுத்த முறை தொட்டியை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. அதிகாரி வருத்தத்தோடு தம் கருத்தைச் சொன்னார். அடுத்த வருகையின்போதும் இரை பிடிக்காவிட்டால், இப்பறவை தனித்து வாழத் தகுதியற்றது என்று முடிவு செய்து, தொலைவில் உள்ள ஓர் உயிரியல் பூங்காவுக்கு நிரந்தரமாக அனுப்ப வேண்டியிருக்கும். அவர் சொன்னதில் குற்றமில்லை. பசியால் சாவதைவிடக் கூண்டில் வாழ்வது மேல் என்பதே அந்த விதியின் இரக்கம்.

அன்று மாலை அஞ்சலை வழக்கம்போல் வாசலில் கூடையை இறக்கினார். நடந்ததைச் சொன்னேன்.

"கெண்டையா போட்டீங்க?" என்றார். "ஏண்ணே, ஆத்துக் கெண்டைய அது எந்தக் காலத்துல பாத்துச்சு? எங்க ஊரு கருடனுக்கு வேட்டை எங்க தெரியும்? என் கூடையத்தான் தெரியும். நான் மீனு அரிஞ்சு குடலத் தூக்கிப் போட்டேன்னா, தண்ணியில விழறதுக்குள்ள வந்து நிப்பாரு."

நான் சிரித்தேன். உள்ளிருந்து இதைக் கேட்ட மருத்துவர் சிரிக்கவில்லை. வெளியே வந்து கண்ணாடியைத் துடைத்தார்.

"நாளைக்கு எத்தனை மணிக்கு மீனு அரிவீங்க அஞ்சலை? நானும் வர்றேன்."

"வாங்க. சும்மா நிக்கப்படாது, அரிவாமணை தருவேன்" என்றார் அஞ்சலை.

மறுநாள் முதல் பல காலைகள் நாங்கள் கிளிஞ்சல்மேட்டுக் கரையில் நின்றோம். பருந்துகள் என்ன செய்கின்றன என்பதை மருத்துவர் பொறுமையாகப் பார்த்தார். அஞ்சலை சொன்னதில் பெரும்பகுதி உண்மை, முழுதும் உண்மையன்று. பருந்துகள் அலைமேல் மிதக்கும் மீன்கழிவை இறங்காமலே காலால் அள்ளி, பறந்தபடியே உண்டன. ஆனால் படகு வராத வேளைகளில் அவையே அரசலாற்று முகத்துவாரத்துச் சேற்றுத்திட்டுகளுக்குச் சென்று, ஓடுகிற நண்டுகளைப் பிடித்தன. மனிதர் கூட்டத்துக்கு அவை அஞ்சி ஓடவில்லை; எனினும் ஒரு கை நீண்டால் எட்டாத தொலைவை எப்போதும் வைத்துக்கொண்டன.

"இதத்தான் நாம காப்பாத்தணும்ண்ணே" என்றார் மருத்துவர். "அது கூடைய நம்பட்டும். கையை நம்பக் கூடாது."

நிலையத்துக்குத் திரும்பியதும் வேலை தொடங்கியது. பறப்புக் கூண்டின் தரையில் சிமென்ட்டால் ஆழமற்ற ஓடை ஒன்று அமைத்து, குழாய் நீரை ஓடவிட்டு, அதில் மீன்கழிவை மிதக்கவிட்டோம். ஓரத்தில் கடல் மணலைக் கொட்டி நனைத்து, உயிருள்ள நண்டுகளை விட்டோம். முதல் நாள் பருந்து கழியிலிருந்தே பார்த்தது. அதற்கு அடுத்த நாள் ஒரே வீச்சில் இறங்கி, நீரில் கால் மட்டும் பட, கழிவை அள்ளிக்கொண்டு மேலேறியது. திரைக்குப் பின்னால் பேசக் கூடாது என்பதால் நானும் மருத்துவரும் ஒருவரையொருவர் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டிக்கொண்டோம். வார இறுதிக்குள் நண்டையும் பிடித்துவிட்டது. அதிகாரி மீண்டும் வந்தபோது, பருந்து அவர் கண்முன்னே இரண்டு நண்டுகளைத் தின்றது.

"இந்த ஊரு சாப்பாடு நமக்குத் தெரியாமப் போச்சு. உயிருள்ள இரைதானே, பிடிச்சிடுச்சு. உடனே விட்டுடலாம்" என்று அவர் மகிழ்ச்சியோடு சொன்னார்.

அந்த 'உடனே' என்னும் சொல்லில்தான் அடுத்த முடிச்சு இருந்தது. அதற்குள் தடைக்காலம் தொடங்கிவிட்டது. விசைப்படகுகள் எல்லாம் துறையில் கட்டிக்கிடந்தன. நாட்டுப்படகுகள் மட்டும் கரையோரம் போய் வந்தன. அவற்றின் கழிவு ஏற்கெனவே கரையில் உள்ள பருந்துகளுக்கும் காக்கைகளுக்குமே போதாது. புதிதாகத் தேறிய ஒரு பறவையை அங்கே விட்டால், தேர்ந்த பறவைகளோடு போட்டியிட்டுத் தோற்கும். தடை நீங்கிப் படகுகள் மீனோடு திரும்பும்போது விடுவதே முறை என்று மருத்துவர் கருதினார்.

இதைக் கேட்ட முருகையன் இடிந்துபோய் உட்கார்ந்துவிட்டார்.

"படகு மீனோட வந்தாத்தான் கருடன விடுவேன்றீங்க. கருடன விட்டாத்தான் என் படகு போவும். நான் என்ன செய்யட்டும் டாக்டரம்மா?"

"மொத நாளு மத்த படகு மீனோட வருமே. அன்னைக்கு விட்டுட்டா மறுநாள் நீங்க போலாமே?" என்றார் மருத்துவர்.

"அன்னைக்கு ஒருநா போனாத்தாங்க என் ஆளுங்க என்கிட்ட நிப்பாங்க."

"ஏன்டா, வலைய எறக்க மாட்டேன்னு ஒனக்கு யாரு சொன்னா? கருடன் வந்து காதுல சொன்னுச்சா?" என்றார் அஞ்சலை.

"அக்கா, நீ சும்மா இரு. அந்த எலும்பு ஒடிஞ்ச சத்தம் எனக்குத்தான் தெரியும்."

மருத்துவர் நெடுநேரம் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். முருகையனுடைய நம்பிக்கை அவருடைய நம்பிக்கையன்று. அதை மாற்ற முயல்வது தம் வேலையும் அன்று என்பதே அவர் எண்ணம்.

"ஒரு வழி இருக்கு. ஆனா வேலை உங்களுக்குத்தான்" என்றார் கடைசியில்.

அவர் சொன்ன வழி இதுதான். தடை நீங்குவதற்குச் சில நாட்கள் முன்னதாகவே பறவையை விடுவது. ஆனால் அதனை ஒரு சிறு கூண்டில் அடைத்து முன்கூட்டியே முகத்துவாரத்தில் ஒரு மேட்டில் வைத்து, அந்தக் காற்றும் கரையும் அதற்குப் பழகும்படி செய்வது. கதவு திறந்த பிறகும் கூண்டை எடுக்காமல் விட்டுவைப்பது. நாள்தோறும் காலையில் ஒருவர் நாட்டுப்படகில் சென்று, கூண்டுக்கு எதிரே ஓடுநீரில் மீன்கழிவை மிதக்கவிட்டு, திரும்பிப் பாராமல் வந்துவிட வேண்டும். கூப்பிடக் கூடாது, கையை நீட்டக் கூடாது, கும்பிடவும் கூடாது.

"கும்பிடவும் கூடாதா?" என்றார் முருகையன்.

"மனசுக்குள்ள கும்பிட்டுக்குங்க. கை மட்டும் தூக்காதீங்க."

விடுவிக்கும் நாள் திங்கட்கிழமையாக அமைந்தது. திங்களன்று காலையிலேயே ராகுகாலம் வந்துவிடும். அதற்கு முன்பே திறந்துவிட வேண்டும் என்று முருகையன் வேண்டிக்கொண்டார். "அந்தக் கணக்கு எனக்குத் தெரியாதுங்க. வெயில் ஏறுறதுக்கு முன்னாடின்னா எனக்கும் நல்லதுதான்" என்று மருத்துவர் இசைந்தார். வாலுறையைக் கழற்றி, காலில் அடையாள வளையத்தைச் சரிபார்த்து, விடியற்பொழுதில் கயிற்றை இழுத்துக் கதவைத் திறந்தேன். மருத்துவரும் முருகையனும் அஞ்சலையும் நானும் தொலைவில் ஒரு கவிழ்த்த படகின் மறைவில் அமர்ந்திருந்தோம்.

பருந்து வெளியே வந்து கூண்டின்மேல் அமர்ந்தது. அதோடு சரி. சிறகைக் கோதியது. காற்றைப் பார்த்தது. மறுபடியும் சிறகைக் கோதியது. கதிரவன் ஏற ஏற முருகையன் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். ராகுகாலம் பிறந்துவிட்டது. அவர் தலையில் கைவைத்தார். ஏதோ அந்த நொடிக்காகவே காத்திருந்ததுபோல், பருந்து இறக்கையை விரித்து, எதிர்க்காற்றில் தன்னை ஏற்றிக்கொண்டு, எங்கள் தலைக்கு மேலாக ஒரு வட்டமிட்டுக் கடற்பக்கம் சென்றது.

"ராகுகாலத்துல போயிடுச்சே" என்றார் முருகையன். அவர் இதை நற்சகுனமாக ஏற்று வலையை இறக்காவிட்டால் எல்லா முயற்சியும் வீண் என்பது எங்கள் அனைவருக்கும் தெரியும்.

அஞ்சலை தம்பியின் பக்கம் திரும்பினார். "ஏன்டா, ராகு யாரு?"

"ராகுன்னா... பாம்பு."

"அது யாரு, மேல போறது?"

"கருடன்."

"கருடனுக்குப் பாம்பக் கண்டா பயமாடா? நமக்குத்தான்டா ராகுகாலம். அவருக்கு அது சாப்பாட்டு நேரம்."

முருகையன் தமக்கையைப் பார்த்தார்; பிறகு வானத்தைப் பார்த்தார். அவர் சிரிக்கத் தொடங்கியபோது மருத்துவரும் துப்பட்டாவால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். அன்று பிற்பகல் கிளிஞ்சல்மேட்டுக் கரையில் முருகையன் அந்த வலையை விரித்துப் போட்டு, தாம் அறுத்த இடத்தை முடிந்துகொண்டிருந்ததைக் கண்டேன். ஒவ்வொரு காலையும் கழிவு மிதக்கவிட்டு வந்தவரும் அவரே. மனத்துக்குள்தான் கும்பிட்டதாகச் சொன்னார்.

தடை நீங்கியதும் அவருடைய படகு தன் ஆட்களோடு கடலுக்குப் போயிற்று. படகுகள் திரும்பியபோது, தம் படகின் பின்னாலேயே எங்கள் பருந்து வந்ததாக முருகையன் சத்தியம் செய்தார். மருத்துவர் அதை ஒப்புக்கொள்ளவில்லை. "எல்லாக் கருடனும் ஒரே மாதிரிதாங்க இருக்கும்" என்று சொல்லிவிட்டு, தொலைநோக்கியோடு மணலில் நின்றார். வெயிலில் நெடுநேரம் நின்று, நீரிலிருந்து கழிவை அள்ளி எழுந்த ஒரு பருந்தின் காலில் வளையத்தைத் தம் கண்ணால் கண்ட பிறகே தொலைநோக்கியை என்னிடம் கொடுத்தார். நானும் கண்டேன். அது கீழே எங்களைப் பாராமல், காலில் இரையோடு, மற்றப் பருந்துகள் துரத்த, முகத்துவாரத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது.

ஐயா, அம்மையீர், மூன்று விதிகளையும் நீக்க வேண்டும் என்று நான் கோரவில்லை. இரை எது என்பதை அந்தந்த ஊர்க் கரையிலும் வயலிலும் நின்று பார்த்த பிறகு சோதனையை வகுக்கவும், 'உடனே' என்பதோடு அந்த இடத்தில் அப்போது உணவு உண்டா என்பதையும் சேர்த்துக் கேட்கவும், கண்டெடுத்த இடம் என்பதைக் கோட்டால் அளக்காமல் அந்த உயிர் நடமாடும் பரப்பால் அளக்கவும் விதியில் இடம் வைக்குமாறு வேண்டுகிறேன். மருத்துவர் ஜைனப் இன்று எங்களிடையே இல்லை. அவர் இருந்திருப்பின் இதைவிடச் சுருக்கமாகச் சொல்லியிருப்பார்.

என் கருத்தை ஏற்பதும் தள்ளுவதும் தங்கள் உரிமை. தள்ளினாலும், இந்த விவரத்தைக் கிழித்தெறியாமல், விதிகள் தொடர்பான தாள்களோடு சேர்த்துப் பாதுகாத்து வைக்குமாறு பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.